தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த அக்கா

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு எங்கள் குடும்பம் மொத்தமும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியது. படம் எடுப்பதற்காக. நேரம் எனக்குச் சரியாகத் தெரிவதற்குக் காரணம், அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். தொலைபேசி அதைக் குறித்து வைத்திருக்கிறது.

குடும்ப தினத்துக்கென்று டி-சட்டை அடித்திருந்தோம். மலேசியாவின் ஜொகூரில் எந்தத் தமிழ்க் குடும்பம் நான்கைந்து கார்களில் ஒன்றாகக் கிளம்பினாலும், எங்கே போகிறோம் என்பதற்கு முன்னால் சட்டையின் நிறம் முடிவாகிவிடும். முன்னால் என்ன எழுதுவது, முதுகில் போடுவது பெயரா பட்டப்பெயரா என்று வாட்ஸ்அப்பில் சண்டை நடக்கும். இந்த முறை மஞ்சள். நெஞ்சில் என் மாமனாரின் பெயர், அதற்குக் கீழே ‘வாரிசுகள்’. ஆசைப்பட்டு அடித்த எழுத்தை லைஃப் ஜாக்கெட் மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஓடையின் நடுவே ஒரு மணல் திட்டு தெரிந்ததும் என் மைத்துனன் துடுப்பை உயர்த்திக் காட்டினான். எல்லாரும் கயாக் படகுகளைத் திட்டில் ஏற்றிவிட்டு, ஜாக்கெட்டுகளைக் கழற்றிக் குவித்துவிட்டு, மாமனார் பெயர் தெரிய நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக நின்றார்கள்.

படம் முடிந்ததும் பெரியவர்கள் மறுபடி மாட்டிக்கொண்டோம். என் மகளும் மைத்துனன் மகளும் மாட்டிக்கொள்ளவில்லை. இருவர் உட்காரும் அவர்கள் கயாக்கின் பின்பக்கத்தில், சாமான் செருகுவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு ரப்பர் கயிறு உண்டு. அதற்கு அடியில் இரண்டு ஜாக்கெட்டையும் மடித்துச் செருகினார்கள். நான் பார்த்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். என் மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பார்வைக்கு ஏழெட்டு வருடமாகும். பள்ளி வாசலில், பூப்பந்து மைதானத்தில், தோழிகளின் கார் ஜன்னலுக்கு வெளியே நான் குனிந்து பெல்ட் போட்டார்களா என்று எட்டிப் பார்த்தபோதெல்லாம் வாங்கிய பார்வை.

“மாமா இப்ப விசில் ஊதப் போறாரு பாருங்க,” என்றான் மைத்துனன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் விசில் என்றால் அது ஒரு மனுஷி. என் மனைவியின் குடும்பத்தார் பலர் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் நானும் என் மனைவியும் சொல்லிச் சொல்லி, யாராவது அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருந்தால் “விசில் வந்தாச்சு” என்பது அங்கே வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஒருவரைக் கேலிப்பொருளாக்கி அடுத்த தலைமுறைக்கும் கொடுத்திருக்கிறோம்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் கூச்சம்.

நானும் என் மனைவியும் முதன்முதலில் வேலை பார்த்தது ஜொகூர் பாருவில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில். அவர் அங்கே தலைமை கிளார்க். எல்லாருக்கும் அக்கா. லாபிஸ் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உயரம் குறைவு, தோள்கள் அகலம், குரல் அதைவிட அகலம். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கும். பக்கத்திலேயே ஒரு கறுப்புக் கயிற்றில் ஆரஞ்சு நிற விசில். அலுவலகத்திலும் அதைக் கழற்றமாட்டார்.

“அக்கா, ஆபீஸ்ல எதுக்கு விசில்?” என்று கேட்டால், “நீ எதுக்கு ஆபீஸ்ல வாச் கட்டியிருக்க? நேரம் பாக்கவா? நீ என்னிக்கு நேரத்துக்கு வந்த?” என்பார்.

அலுவலக விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். மற்ற அலுவலகங்களில் பௌலிங், கரோக்கே என்று போவார்கள். எங்கள் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கயாக் ஓட்டக் கூட்டிப்போவார். கயாக் ஓட்டுவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் ஒன்றும் இல்லை. நேராகப் போக வராது. பக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேருக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, “அலமாக், இது ஏன் இங்க நிக்குது?” என்று மரத்தைத் திட்டுவார். அவர் திறமை எல்லாம் கரையிலேயே முடிந்துவிடும்.

கிளம்புமுன் ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் நம் லைஃப் ஜாக்கெட்டின் தோள்களைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் வெடுக்கென்று மேலே தூக்குவார். ஆளும் ஜாக்கெட்டும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறினால் நீங்கள் தோற்றீர்கள். பக்கவாட்டு வார்களை அவரே இழுத்து இறுக்குவார். ஆண், பெண், மேலதிகாரி, பியூன் என்று பார்ப்பதில்லை. தொப்பையை உள்ளே இழு என்பார். புடவையோ துப்பட்டாவோ வாரில் மாட்டியிருந்தால் உருவி எடுப்பார். மூச்சு முட்டுது அக்கா என்றால், பேச முடியுதில்ல, அப்ப மூச்சு இருக்கு என்பார்.

நான் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்த மாதம் அது. புதிய சட்டை, தலையில் ஜெல். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் பிற்பாடு என் மனைவியானவள். அக்கா தூக்கியதும் ஜாக்கெட் கண்வரை ஏறி என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

“என்னா தம்பி இது? சட்டை மாதிரி போட்டிருக்கீங்க? நீங்க இத போடக் கூடாது. இது ஒங்கள புடிக்கணும்.”

பின்னால் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. “போதும் அக்கா, நானே கட்டிக்கிறேன், எல்லாரும் பாக்குறாங்க,” என்றேன்.

“வெக்கமா இருக்கா?”

நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன்.

“இருக்கட்டும் லா. வெக்கத்துல யாரும் முழுகுனது கெடையாது,” என்று சொல்லிக்கொண்டே இடுப்பு வாரை ஒரு இழுப்பு இழுத்தார்.

அதை அவர் அடிக்கடி சொல்வார். கூச்சம் என்ற ஒன்றை அவர் உடம்பில் வைக்க மறந்துவிட்டுத் தைத்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம். பின்னால் இன்னும் மோசமாகவும் பேசுவோம். கல்யாணமாகாத பெண், ஆண்களின் இடுப்பு வாரை இழுக்கிறார் என்றால் பேச்சு எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது அவர் காதுக்கும் போயிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான்.

ஒருமுறை எங்கள் முதலாளி வந்தார். சீனர், நல்ல மனிதர், பெரிய உடம்பு. கயாக் வாடகைக்கு விடுபவரிடம் இருந்த எந்த ஜாக்கெட்டும் அவருக்குப் பூட்டவில்லை. சரி, மடியில் வைத்துக்கொள்கிறேன், அமைதியான ஆறுதானே என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீருக்குள் இறங்கிப்போய்க் கயாக்கின் மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். தவுக்கே என்றால் முதலாளி; மற்றதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“தவுக்கே, எறங்குங்க.”

“மடியிலதான் வச்சிருக்கேனே.”

“மடியில பிள்ளைய வைக்கலாம். இத ஒடம்புலதான் வைக்கணும்.”

“நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“எனக்கு இருக்கு தவுக்கே. தண்ணிக்குத்தான் இருக்காது.”

நாங்கள் எல்லாரும் துடுப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தோம். முதலாளி இறங்கிக் கரையில் உட்கார்ந்து, பொட்டலத்தில் வந்த மீ கோரெங் நூடுல்ஸ் முழுவதையும் கோபத்தோடு சாப்பிட்டார். அடுத்த ஆண்டு விளையாட்டுக் கழகச் செயலாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அந்த ஆண்டு நாங்கள் பௌலிங் போனோம். அக்காவும் வந்தார், விசிலோடு. எல்லாருடைய ஷூ லேஸையும் பார்த்தார்.

அவரை நல்லவராக மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. அவரோடு இருப்பது சிரமம். ஆழமில்லாத இடத்தில் நம் கயாக்கை அவரே கையால் கவிழ்த்துவிடுவார். விழுந்து பார்த்தால்தான் எழுந்திருக்கத் தெரியும் என்பது அவர் கட்சி. என் மனைவி அப்போது சம்பளத்தைச் சேர்த்துத் தலைமுடியை நேராக்கிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்று கடையில் சொல்லியிருந்தார்களாம். அக்காவுக்கு அது தெரிந்திருந்தும் கவிழ்த்தார். சேற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்த பெண், அதற்குப்பின் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. அக்கா அவள் மேசையைக் கடக்கும்போதெல்லாம், “கோவமா? சரி. கவுந்தப்ப கயாக்க புடிச்சீங்களா, துடுப்ப புடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். மறுநாளும் கேட்பார். ஒருநாள் என் மனைவி பொறுக்கமாட்டாமல், “ரெண்டையும் விட்டுட்டேன், போதுமா?” என்று கத்தினாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அக்கா அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அதான்மா. எல்லாரும் விட்டுருவோம். படகும் நம்மள விட்டுட்டுப் போயிரும், அதுக்கு நம்ம மேல என்னா பாசம்? காத்து அடிச்சா அது பாட்டுக்குப் போயிரும். அதனால படகுல எதையும் நம்பி வைக்காதீங்க. ஒடம்புல கட்டுனது மட்டும்தான் ஒங்களுது.” விசிலை எடுத்துக் காட்டினார். “கத்துனா கொஞ்ச நேரத்துல தொண்ட போயிரும். இதுக்கு மூச்சு மட்டும் போதும்.”

அதன்பிறகு அவர்கள் சிநேகிதிகளானார்கள். எங்கள் எல்லார் மனத்திலும் இருந்த கேள்வியை என் மனைவிதான் கேட்டாள். அக்காவுக்குத் தோட்டத்துக் குளத்தில் ஒரு தம்பி மூழ்கிப்போனதாக அலுவலகத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. யார் கட்டிவிட்டது என்று தெரியாது. இப்படி இருப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டுமில்லையா? தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

“எந்தத் தம்பி? எனக்குத் தம்பியே இல்ல. எங்க வீட்டுல யாரும் தண்ணியில சாகல லா. யாராச்சும் செத்தாத்தான் கட்டணுமா?”

எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவை அடைத்து நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேளம் கொட்டக் கொட்ட, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்த எனக்குத் தெரிந்தது. என் மாமனார் குனிந்து, “யாருங்க மாப்பிள்ளை அந்தம்மா?” என்று கேட்டார். “ஆபீஸ்ல யாரோ,” என்றேன். அக்கா கொடுத்த அன்பளிப்பு ஒரு நகைப் பெட்டி. மாமியார் ஆசையாகத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் இரண்டு ஆரஞ்சு விசில்கள். அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் குடும்பத்தில் சிரிப்பார்கள். விசில் இரண்டும் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில், பழைய சாவிகளோடு கிடக்கின்றன. குடும்ப தினத்தன்றும் அங்கேதான் கிடந்தன.

மணல் திட்டுக்குத் திரும்ப வேண்டும். எங்களுக்குக் கயாக் கொடுத்தவர்மேல் எந்தக் குறையும் இல்லை. ஓடைக்குள்ளேயே ஓட்டுங்கள், முகத்துவாரத்தில் சிவப்புக் கம்பம் நட்டிருக்கிறது, அதைத் தாண்ட வேண்டாம், ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம் என்று இரண்டுமுறை சொல்லித்தான் அனுப்பினார். ஜாக்கெட்டைக் கழற்றியபோது அவர் கண்ணில் படாத தூரத்துக்கு வந்துவிட்டிருந்தோம். எங்களில் யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திட்டிலிருந்து கிளம்பியபோது நீர் வற்றத் தொடங்கியிருந்தது. ஓடை முழுவதும் கடலை நோக்கி இழுத்தது. பெண்கள் இருவரும் முன்னால் போனார்கள். இளம் கைகள், இழுக்கும் தண்ணீர், வேகமாகப் போனார்கள். சிவப்புக் கம்பத்தை நெருங்கினார்கள். நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பத்தைத் தாண்டினார்கள். திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

என் ஜாக்கெட்டின் தோளில் ஒரு விசில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா ஜாக்கெட்டிலும் உண்டு. கன்னத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. தலையைச் சற்றுச் சாய்த்தால் வாய்க்கு எட்டும். ஊதினால் மைத்துனன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். மகள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்றும் தெரியும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தேன். என் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி, “அவங்க ரொம்பத் தூரம் போறாங்களே,” என்றாள். “வந்துருவாங்க,” என்றேன். நான்தான் அப்படிச் சொன்னேன். பூப்பந்து மைதானத்துக்குக் குடையும் மருந்துப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போகிறவன்.

காற்று திரும்பியது அப்போதுதான். கடல் பக்கம் வானம் கறுத்து இறங்கியது. நான் விசிலை வாயில் வைத்து ஊதியபோது காற்று அவர்களிடமிருந்து எங்களை நோக்கி அடித்தது. ஊதிய சத்தம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. மஞ்சள் சட்டை இரண்டும் சிறிதாகிக்கொண்டே போயின. பிறகு மழை ஒரு சுவர்போல வந்து இடையில் நின்றது. அதை ஊதுவதற்கு நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது சிம்பாங் ரெங்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வரும் ஒரு பெட்ரோல் நிலையத்தில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று லாபிஸில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. பின்சீட்டில் குழந்தை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “தம்பி!” என்று அந்த அகலமான குரல். முடி முழுக்க நரைத்திருந்தது. விசில் இருந்தது. நலம் விசாரிக்கக்கூட இல்லை. காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, குழந்தையின் தோள் வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது.

“என்னா தம்பி, பிள்ளைய கட்டியிருக்கீங்களா, ஒக்கார மட்டும் வச்சிருக்கீங்களா? ரெண்டு வெரல் போகுது பாருங்க.”

அவரே இறுக்கினார். குழந்தை கதறிக் கதறி அழுதது. பக்கத்து காரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல். “பரவால்ல அக்கா, நாங்க பாத்துக்குறோம்,” என்று கதவை மூடினேன். கொஞ்சம் ஓசையாகவே மூடினேன்.

அவர் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துக் கையாட்டினார். “அழுவட்டும் அழுவட்டும். அழுதா நல்லாருக்குன்னு அர்த்தம்,” என்றார். என்னைப் பார்த்து, “பயப்படுற முகம் தம்பி ஒங்களுக்கு. அது நல்லதுதான். ஆனா நீங்க வாய தொறக்க மாட்டேங்கிறீங்க,” என்றார். தங்கை மகன் காரில் காத்திருக்கிறான் என்று போய்விட்டார்.

அன்று கார் ஓட்டும்போது என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதற்குப்பிறகு ஒரு வகையில் வாயைத் திறந்தேன். மகள் விஷயத்தில் மட்டும் திறந்தேன், பல வருடங்கள். ஹெல்மெட், பெல்ட், குடை, தனியாகப் போகாதே, போனதும் மெசேஜ் போடு. ஆனால் அக்கா சொல்வதுபோல என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லிவிட்டு வாரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். நான் சொல்லிவிட்டு, சொன்னதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்பேன். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது. கடைசியில் இந்தக் குடும்ப தினத்தன்று காலையில் காரை எடுக்கும்போது மகள், “அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும், ப்ளீஸ். எல்லா கசினும் வராங்க. என் மானத்த வாங்காதீங்க,” என்றாள். சரிம்மா என்றேன்.

படகுத்துறையான ஜெட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று நினைவில்லை. கயாக் கொடுத்தவர் எங்களை எண்ணினார், இரண்டு குறைந்தது. உடனே தன் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார். தீயணைப்பு மீட்புப் படையை யாரோ அழைத்தார்கள். என் மகளின் தொலைபேசிக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அது நீர் புகாத பையில் பத்திரமாக, அந்த ரப்பர் கயிற்றிலேயே மாட்டப்பட்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மைத்துனன் ஜெட்டியின் விளிம்பில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினான். கொஞ்ச நேரத்தில் அவன் தொண்டை போய்விட்டது. அதன்பின் வாய் மட்டும் அசைந்தது.

முதலில் திரும்பி வந்தது மோட்டார் படகு. பின்னால் கயிற்றில் ஒரு கயாக்கை இழுத்துக்கொண்டு வந்தது. கவிழ்ந்து கிடந்ததை அவர் நிமிர்த்தியிருந்தார். ஆள் இல்லை. மறுபடி தேடப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, கயாக்கைப் படியோரம் அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ரப்பர் கயிற்றுக்கு அடியில் இரண்டு ஜாக்கெட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. அலையும் காற்றும் கயாக்கைக் கவிழ்த்து, உருட்டி, அவ்வளவு தூரம் கொண்டுபோயும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அழகாக மடித்து வைத்திருந்தார்கள் பிள்ளைகள். தோளில் விசில்கள் தொங்கின. என் மனைவி படியில் இறங்கி, இரண்டையும் உருவி எடுத்து, ஈரப் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு ஜாக்கெட்டை விரித்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். வார்களை இழுத்து இறுக்கினாள். அடுத்ததையும் அப்படியே செய்தாள். பிறகு இரண்டு கையாலும் தோள்களைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லாததால் அது லேசாக எழும்பி வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

வெக்கத்துல யாரும் முழுகுனது கெடையாது. அக்கா சொன்னவற்றில் அது ஒன்றுதான் தப்பு. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பலகையில் நின்றபோது தோன்றியது. அவர் இப்போது இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. விசாரித்தது கிடையாது.

மழை விட்டு, வெளிச்சம் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு படகின் சத்தம் கேட்டது. வேறு படகு. கடலுக்குள் சிப்பி வளர்ப்பவர்கள் கட்டி வைத்திருக்கும் மிதவைகளைப் பார்க்கப் போன ஒரு மலாய்த் தம்பதியின் படகு. கணவர் ஓட்டினார். மனைவியின் பக்கத்தில், பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு இரண்டு தலைகள். கயாக் கையை விட்டுப் போனபிறகு பிள்ளைகள் நீந்தி ஒரு மிதவையின் கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. மிதவை அவிழ்ந்துவிட்டதா என்று பார்க்க அவர்கள் வந்ததால் கண்டுபிடித்தார்கள். மிதவையைப் பார்க்க வந்தவர்கள்.

படகை ஜெட்டியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் மேலே நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, எல்லார் நெஞ்சிலும் ஒரே பெயர். “அனாக் சியாப்பா?” என்று கேட்டார். யார் பிள்ளைகள் என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மைத்துனன் ஏற்கெனவே படியில் இறங்கித் தன் மகளைக் கட்டிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தான். எனக்குக் கை எழவில்லை. என் மனைவிதான், “எங்க பிள்ள, எங்க பிள்ள,” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

மகள் படியேறி வந்தாள். உதடுகள் நீலமாக இருந்தன, உள்ளங்கை இரண்டும் சிப்பிகள் கிழித்து ரத்தமாக இருந்தன. பற்கள் தந்தியடித்தன. நான் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போர்த்திவிடவும் தெரியாமல். அவள் எனக்கு நேராக வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பழக்கமான அந்தப் பார்வை அதில் இல்லை. மூன்று வயதில் காரின் பின்சீட்டில் திடுக்கிட்டு எழுந்தவளின் முகம்.

“எப்பவும் ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பீங்களேப்பா,” என்றாள். “இன்னிக்கு ஏம்பா ஒண்ணுமே சொல்லல?”